ஆறாம் நாள் குளிர் விட்டுப்போகும் ஃப்ரிட்ஜ், உள்ளே பில்ஸ்னர் இருக்கிறது, உதவி வேண்டும்

செங்காங்_வாசி:

வணக்கம். சிங்கப்பூரில், செங்காங்கில் நாலறை வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. இரண்டு வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் பகலில் 31, 32 டிகிரி. ராத்திரியில்கூட 26க்குக் கீழே போவது அபூர்வம். இந்தச் சூட்டில் சாதாரண ஏல் (18 டிகிரி வாக்கில் நொதிக்கிற பீர் வகை) ஈஸ்ட் போட்டால் என்ன வரும் என்று முதல் மூன்று தடவையில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். வாழைப்பழ வாசனை, அதன் பின்னால் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு காரம், அடுத்த நாள் தலைவலி. அதனால் போன வருடக் கடைசியில் பழைய பொருள் விற்கிற காரூசெல் தளத்தில் 80 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு பழைய இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். 300 லிட்டர் வரும், மேலே ஃப்ரீசர், பனி பிடிக்காத வகை. தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு 25 லிட்டர் நொதிகலனை கீழ்ப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஃப்ரிட்ஜின் பிளக்கை வெளியே உள்ள வெப்பநிலைக் கன்ட்ரோலரில் செருகியிருக்கிறேன். சென்சாரை நொதிகலனின் பக்கவாட்டில், பீர் மட்டத்துக்குப் பாதி உயரத்தில் ஒட்டி, அதன்மேல் பாத்திரம் கழுவுகிற ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்து டேப் சுற்றியிருக்கிறேன். 12 டிகிரிக்கு செட், வித்தியாசம் 0.5 (12.5 ஆனால் ஓடும், 12இல் நிற்கும்), கம்ப்ரஸர் மறுபடி ஓட 5 நிமிட இடைவெளி.

இந்த ஃப்ரிட்ஜில் முதலில் செய்த இரண்டு ஏலும் 18 டிகிரியில் மிக நன்றாக வந்தன. இப்போது உள்ளே இருப்பது ஜெர்மன் பில்ஸ்னர், குளிரில் நொதிக்கிற லாகர் வகை. 20 லிட்டர், ஆரம்ப அடர்த்தி 1.048 (சர்க்கரை நொதிக்க நொதிக்க இந்த எண் இறங்கும்), ஈஸ்ட் டபிள்யூ-34/70, இரண்டு பாக்கெட். ஐந்து நாள் 12க்கும் 12.5க்கும் நடுவே அசையாமல் நின்றது. ஆறாம் நாள் காலையில் பார்த்தால் 13.4. சாயங்காலம் 14.8. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது, பிளக்கில் மாட்டுகிற வாட் மீட்டர் விடாமல் 95 காட்டுகிறது. ஃப்ரிட்ஜுக்குள் கை வைத்தால் காற்றே வரவில்லை.

இது முதல் தடவை இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு லாகர் போட்டபோதும் ஆறு, ஏழாம் நாள் இதே கதைதான். அப்போது பாதியிலேயே கைவிட்டு ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போட்டுப் பார்த்தேன். புதுசு மாதிரி குளிர்ந்தது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கிறது. அணைத்த மறுநாள் ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து துணி துவைக்கிற மெஷின் வரைக்கும் ஓடியிருந்தது.

செய்து பார்த்தவை: சென்சாரை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், 0.2 காட்டுகிறது, ஆக அது சரி. பின்பக்கத் தூசியைத் துடைத்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். கணினியிலிருந்து எடுத்த 12 வோல்ட் ஃபேன் ஒன்றைக் கீழ்ப்பெட்டியில் வைத்தேன், கன்ட்ரோலர் ஓடும்போது அதுவும் ஓடும். எதுவும் பலனில்லை. பழுது பார்க்க வந்த ஒருவர் ஃப்ரிட்ஜைத் திறந்துகூடப் பார்க்காமல், கேஸ் குறைந்துவிட்டது, 120 வெள்ளி ஆகும் என்றார். 80 வெள்ளி ஃப்ரிட்ஜுக்கு 120 வெள்ளி கேஸ் என்றால் மனசு ஒப்பவில்லை. கேஸ் குறைந்திருந்தால் இரண்டு நாள் அணைத்து வைத்ததும் எப்படிச் சரியாகும்?

இந்தப் பில்ஸ்னர் எனக்கு முக்கியம். அப்பா அடுத்த மாதம் அறுபதைத் தொடுகிறார். அவருக்கு ஐபிஏ கசப்பு பிடிக்காது, சுத்தமான லாகர்தான் பிடிக்கும். யாராவது வழி சொல்லுங்கள்.

மெல்பர்ன்_மால்ட்:

நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்பும், ஆறாம் நாள் அதன் உச்சமாக இருக்கலாம் என்றுதான் முதலில் எழுத வந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை.

1.048இல் 20 லிட்டர் என்றால் உள்ளே கரைந்திருப்பது ஏறக்குறைய 2.5 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கு நொதிக்கிறது என்று வையுங்கள், 1.6 கிலோ. ஒரு கிலோவுக்கு 550 முதல் 600 கிலோஜூல் வரை சூடு வெளிவரும். மொத்தம் 900 கிலோஜூல் சொச்சம். அந்தச் சூடு வெளியேறாமல் அப்படியே தங்கினால் 20 லிட்டரும் 11 டிகிரி ஏறிவிடும், அதனால்தான் வெளிச்சூட்டில் காய்ச்சுகிறவர்கள் பாடு திண்டாட்டம். ஆனால் லாகரில் அது ஐந்தாறு நாளுக்குப் பரவுகிறது. சராசரி இரண்டு வாட், உச்சத்தில் ஐந்தாறு வாட் இருக்கலாம். ஓடுகிற ஃப்ரிட்ஜுக்கு இது தூசு. தவிர, 1.048 லாகர் ஆறாம் நாளில் உச்சத்தைத் தாண்டியிருக்கும். குற்றவாளி ஈஸ்ட் இல்லை.

எனக்கு வந்த சிக்கல் இதற்கு நேர் எதிர். இங்கே ஜூலை குளிர்காலம், கராஜ் ராத்திரி 6, 7 டிகிரிக்கு இறங்கும். சூடாக்கும் பெல்ட்டும் ஃப்ரிட்ஜும் ஒரே கன்ட்ரோலரில், வித்தியாசத்தை 0.3 என்று வைத்துவிட்டேன். விடிய விடிய ஒன்று சூடாக்க, மற்றொன்று குளிர்விக்க, இரண்டும் மாறி மாறி ஓடியிருக்கின்றன. ஒரு டிகிரிக்கு மாற்றியதும் நின்றது.

உங்கள் ஃப்ரிட்ஜில் ஏதோ அடைக்கிறது என்று தோன்றுகிறது. எது என்று சொல்லத் தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் வேலை தெரிந்தவர் யாராவது வரட்டும்.

தோபாயோ_அக்கா:

தம்பி, முதலில் பீரைக் காப்பாற்று. ஃப்ரிட்ஜை அப்புறம் பார்க்கலாம். அடர்த்தி எவ்வளவு என்று இப்போதே அளந்து பார். 1.020க்குக் கீழே வந்திருந்தால் பயப்பட வேண்டாம். லாகர் கடைசியில் 16, 17 டிகிரிக்கு ஏறுவது நல்லதுதான், ஈஸ்ட் தான் விட்ட வெண்ணெய் வாசனையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். நாம் வேண்டுமென்றே இரண்டு மூன்று நாள் அப்படி வைப்போம்.

பெரிய வாளி இருந்தால் நொதிகலனை அதில் இறக்கி, தண்ணீர் ஊற்றி, உறைய வைத்த ஒன்றரை லிட்டர் பாட்டில் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு போடு. மேலே ஈரத் துண்டைச் சுற்றிவிடு. ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கு முன் நான் மூன்று வருடம் இப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடுகிற மூடி) இருக்கிற ஸ்டார் சான் கிருமிநாசினித் தண்ணீரைக் குறைத்துவிடு. சட்டென்று குளிரும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

குளிர்காயில்:

தம்பி, நான் 22 வருடமாக ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறேன். பீர் காய்ச்சத் தெரியாது, ஆனால் நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது.

ஐந்து நாள் நன்றாகக் குளிரும். அப்புறம் காற்று வராது, கம்ப்ரஸர் நிற்காது. இரண்டு நாள் அணைத்தால் தரையில் தண்ணீர், திரும்பப் போட்டால் புதுசு. இது கூலிங் காயிலில் ஐஸ் கட்டுவது. கேஸ் இல்லை.

பனி பிடிக்காத ஃப்ரிட்ஜில் காயில் ஃப்ரீசரின் பின் தகட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அதன் வழியாக ஒரு ஃபேன் காற்றைத் தள்ளி, அந்தக் காற்றுதான் ஒரு குழாய் வழியே கீழ்ப்பெட்டிக்கு வரும். காயில் மைனஸ் 20க்குப் பக்கத்தில் இருப்பதால் காற்றின் ஈரம் எல்லாம் அதன்மேல் பனியாக ஒட்டும். அதை உருக்கக் காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. கம்ப்ரஸர் 8 மணி, 12 மணி ஓடியபின் ஹீட்டர் கொஞ்ச நேரம் எரிந்து பனியைத் தண்ணீராக்கி, பின்னால் உள்ள தட்டில் விடும். ஃப்ரிட்ஜ் வாங்கியவர் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது.

அந்த மணிக்கணக்கை வைத்திருப்பது உள்ளே உள்ள மின்னணு போர்டு. உங்கள் கன்ட்ரோலர் என்ன செய்கிறது? 12 டிகிரி வந்ததும் முழு ஃப்ரிட்ஜின் கரண்டையும் வெட்டுகிறது. போர்டு செத்துப் பிழைக்கிறது. திரும்பக் கரண்டு வரும்போது கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஒரு தடவைக்கு 15 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் 8 மணி என்பது வரவே வராது. ஹீட்டர் ஒரு நாளும் எரியாது. பழைய காலத்து முள் டைமர் வைத்த ஃப்ரிட்ஜ் என்றால் கரண்டு போனாலும் முள் நின்ற இடத்தில் நிற்கும், ஓடிய நேரம் சேர்ந்துகொண்டே வந்து ஒரு நாள் ஹீட்டர் எரிந்துவிடும். போர்டு வைத்ததில் நிறைய மாடலுக்கு அந்த ஞாபகம் கிடையாது.

18 டிகிரி ஏல் ஏன் தப்பித்தது என்றால் கம்ப்ரஸர் குறைவாக ஓடியிருக்கும், நாளும் குறைவு.

ஃப்ரீசரின் பின் தகட்டில் இரண்டோ நாலோ ஸ்க்ரூ இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். காயில் முழுக்க ஒரே சீராக வெள்ளைக் கட்டியாக இருந்தால் நான் சொன்னதுதான். மேலே இரண்டு சுற்று மட்டும் பனி, மீதி வெறும் அலுமினியமாகத் தெரிந்தால் கேஸ் குறைவு, அந்த மனிதர் சொன்னது சரி. திறந்து பார்க்காமல் இதைச் சொல்ல யாராலும் முடியாது.

கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் வைத்து ஐஸைக் குத்தாதீர்கள். காயில் மெல்லிய அலுமினியம். பின்னால் நெருப்புப் படம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தால் உள்ளே ஆர்-600ஏ, எரிகிற வாயு. ஹேர் டிரையரும் வேண்டாம். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கதவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். வயர் விடுவதற்காக ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரில் ஓட்டை போடவும் கூடாது, நிறைய ஃப்ரிட்ஜில் சூட்டுக் குழாய் அந்தத் தகட்டுக்கு உள்ளேதான் ஓடுகிறது.

ஒரு கேள்வி. சென்சார் வயர் எந்த வழியாக உள்ளே போகிறது?

செங்காங்_வாசி:

அண்ணே, ராத்திரி பத்து மணிக்குத் தகட்டைக் கழற்றினேன். நீங்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. காயில் என்று ஒன்றே கண்ணில் படவில்லை. நாலு விரல் தடிமனுக்குப் பால் மாதிரி ஒரே பாளம், ஃபேனின் இறக்கை நுனி அதற்குள் புதைந்து நின்றது. அதனால்தான் காற்றே வரவில்லை. கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டது.

அக்கா சொன்னபடி முதலில் பீரை எடுத்துவிட்டேன். அடர்த்தி 1.017. நொதிகலனை அம்மா துணி ஊறவைக்கிற பெரிய வாளியில் இறக்கி, உறைந்த பாட்டில் போட்டேன். நேற்றிலிருந்து 16 டிகிரியிலேயே நிற்கிறது.

ஐஸ் உருக ஐந்து மணி நேரம் ஆனது. எட்டுக் கெட்டில் வெந்நீர், ஏழு துண்டு. கீழே உள்ள தண்ணீர்த் தட்டைக் கண்டுபிடித்து மூன்று தடவை கொட்டினேன். கடைசிப் பாளம் கழன்று விழுந்தபோது அதற்குள் காயிலின் வரி வரியான தடம் அப்படியே பதிந்திருந்தது.

சென்சார் வயர் கதவு ரப்பரின் கீழ் மூலை வழியாகப் போகிறது. ஃபேன் வயரும் அதே இடத்தில்தான். நீங்கள் கேட்டபிறகு இருட்டில் உள்ளே டார்ச்சை வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தேன். அந்த மூலையில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெளிச்சம் தெரிகிறது.

குளிர்காயில்:

அந்த வெளிச்சம் வருகிற வழியாகத்தான் ஈரமும் வந்திருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கும். கம்ப்ரஸர் ஓடி நிற்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே உள்ள காற்று சுருங்கி விரியும், அந்த இடுக்கு வழியாக மூச்சு விடும். போர்டு மறந்துபோனது ஒரு பாதி, இந்த இடுக்கு மறு பாதி.

வயர் இரண்டையும் கதவின் கீல் பக்கம் மாற்றுங்கள். அங்கே ரப்பர் அதிகம் விரியாது. வயர் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகப் படுக்க வையுங்கள். ஏசிக் குழாயின் இடுக்கை அடைக்கிற, மாவு மாதிரி பிசைகிற கருப்புப் புட்டியைச் சுற்றி வையுங்கள், வன்பொருள் கடையில் மூன்று வெள்ளிக்குள் கிடைக்கும். அப்புறம் ஒரு இரண்டு வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் பிடிப்பு இருக்க வேண்டும்.

ஐஸ் திரும்பக் கட்டாமல் இருக்க வழி சொல்கிறேன். கம்ப்ரஸர் வயரை மட்டும் தனியாக வெட்டி, போர்டுக்கு எப்போதும் கரண்டு விடலாம் என்று சிலர் செய்வார்கள். வேகத்தை மாற்றி மாற்றி ஓடுகிற இன்வர்ட்டர் கம்ப்ரஸர் என்றால் அது நடக்காது, சாதாரணக் கம்ப்ரஸர் என்றாலும் வேலை தெரியாதவர் கை வைக்கக் கூடாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை. உங்கள் பெட்டி 12 டிகிரி. 12 டிகிரிக் காற்றே ஐஸை உருக்கும். கடைகளில் பூவும் காய்கறியும் வைக்கிற குளிர்ப்பெட்டிகளில் பெரும்பாலும் ஹீட்டரே இருக்காது, கம்ப்ரஸர் நிற்கிற நேரத்தில் ஃபேன் மட்டும் ஓடிப் பனியை உருக்கும். உங்கள் ஃப்ரிட்ஜில் கரண்டு போனதும் காயில் ஃபேனும் நின்றுவிடுகிறது. ஃப்ரீசர் மூடிய பெட்டி, அங்கே குளிர் அப்படியே தேங்கி நிற்கிறது, பனி உருக வழியில்லை.

ஆக, உங்களிடம் இருக்கிற 12 வோல்ட் ஃபேனை ஃப்ரீசருக்குள் வைத்து, கீழ்ப்பெட்டிக்குப் போகிற குழாய் வாயைப் பார்த்துத் திருப்புங்கள். அதன் அடாப்டரைக் கன்ட்ரோலரில் செருகாமல் நேரே சுவரில் செருகுங்கள். 24 மணி நேரமும் ஓடட்டும். வித்தியாசத்தை ஒரு டிகிரி ஆக்குங்கள், கம்ப்ரஸர் நிற்கிற நேரம் நீளும், காயில் காய நேரம் கிடைக்கும். 20 லிட்டர் பீர் அந்த ஒரு டிகிரியை உணராது என்று நினைக்கிறேன், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று கவனம். பெட்டியை 2, 3 டிகிரிக்கு இறக்கினால் இந்த வித்தை பலிக்காது. அந்தக் காற்றுக்கு உருக்கும் சக்தி மிகக் குறைவு.

மெல்பர்ன்_மால்ட்:

பீர் உணராது. சென்சார் பீரோடு ஒட்டி ஸ்பாஞ்சுக்கு அடியில் இருக்கும்வரை, நடுவில் உள்ள பீர் பெரிதாக ஆடாது. சென்சாரைக் காற்றில் தொங்கவிடுகிறவர்களுக்குத்தான் பிரச்சினை. கம்ப்ரஸர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து உட்காரும்.

குளிர்காயில் அண்ணனுக்கு நன்றி. என்னுடைய ஃப்ரிட்ஜும் போர்டு வைத்ததுதான். இங்கே காற்று உலர்ந்தது என்பதால் இத்தனை வருடம் தப்பித்திருக்கிறேன் போல. வார இறுதியில் திறந்து பார்க்கிறேன்.

தோபாயோ_அக்கா:

தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கதவைத் திறக்கிறாய்? உண்மையைச் சொல். ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த காற்று காலடியில் கொட்டிவிடும், பின்னாலேயே ஈரக்காற்று உள்ளே நுழையும். ஏர்லாக் குமிழி விடுகிறதா என்று பார்க்கத் திறக்காதே. அடர்த்தி பார்க்க ஒரு தடவை, முடிந்ததா என்று பார்க்க இன்னொரு தடவை, போதும். அலமாரியில் ஈரத்தை உறிஞ்ச வைக்கிற தர்ஸ்டி ஹிப்போ டப்பா ஒன்றை உள்ளே வை. அது நிரம்புகிற வேகத்தைப் பார்த்தாலே எவ்வளவு ஈரம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

பாட்டிலில் அடைப்பதற்கு முன் வெண்ணெய்ச் சோதனை செய். இரண்டு சின்னக் கண்ணாடிக் குடுவையில் பீர் எடு. ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் அரை மணி வைத்து ஆறவிடு. மற்றொன்றை அப்படியே வை. இரண்டையும் முகர்ந்து பார். சுடவைத்ததில் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தால் இன்னும் இரண்டு நாள் 16இலேயே விடு.

அப்புறம், இந்த மாதம் இன்னொன்று போடலாமா என்று கை அரிக்கும். இங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான், அதுவும் சொந்தத்துக்கு மட்டும். அப்பா பிறந்தநாளுக்கு வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடு, ஒருவரிடமும் காசு வாங்காதே.

செங்காங்_வாசி:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

அக்கா, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை திறந்துகொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் ஒன்று, வேலையிலிருந்து வந்ததும் ஒன்று, நடுவே மனைவி துணி காயப்போடும்போது அவளும் எட்டிப் பார்ப்பாள். இப்போது நிறுத்திவிட்டோம். கன்ட்ரோலர் காட்டுகிற எண்ணை வெளியிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம்.

பில்ஸ்னர் வாளியிலேயே மூன்று நாள் 16, 17இல் இருந்து 1.010க்கு இறங்கி நின்றது. முதல் நாள் வெண்ணெய்ச் சோதனையில் சுடவைத்த குடுவையில் லேசாக வாசனை வந்தது. இரண்டு நாள் விட்டு மறுபடி செய்தபோது இரண்டு குடுவைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மனைவியிடம் எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன், அவளாலும் பிரிக்க முடியவில்லை.

ஃபேனை ஃப்ரீசருக்கு மாற்றி, நேரே சுவரில் செருகிவிட்டேன். வயர்களைக் கீல் பக்கம் கொண்டுபோய்ப் புட்டி வைத்தேன். நோட்டுச் சோதனையில் கீழ் மூலை இன்னும் கொஞ்சம் தளர்வாக இருந்தது. ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒத்தி இழுத்துவிட்டதும் பிடித்துக்கொண்டது. பிறகு நொதிகலனில் 20 லிட்டர் வெறும் தண்ணீரை நிரப்பி, 12 டிகிரியில் ஒன்பது நாள் ஓட்டினேன். பீரை வைத்து இன்னொரு தடவை சோதிக்க மனசு வரவில்லை. ஒன்பதாம் நாள் காலை 12.3. வாட் மீட்டரில் கம்ப்ரஸர் ஓடுவது ஏறக்குறைய 20 நிமிடம், நிற்பது ஒன்றேகால் மணி நேரம்.

தகட்டைக் கழற்றிப் பார்த்தேன் அண்ணே. காயிலின் ஒவ்வொரு வரியும் தெரிகிறது. கீழ் இரண்டு சுற்றில் மட்டும் உப்புத் தூவின மாதிரி பனி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டாகி வடிந்தது. தண்ணீர்த் தட்டில் அரைக் கோப்பைதான் இருந்தது. ஹிப்போ டப்பாவில் ஒரு விரற்கடை.

பில்ஸ்னர் இப்போது வீட்டு ஃப்ரிட்ஜில், அம்மாவின் காய்கறித் தட்டை எடுத்துவிட்டு, 3 டிகிரியில் தெளிந்துகொண்டிருக்கிறது. அந்த வேலைக்குப் பழைய ஃப்ரிட்ஜைப் பயன்படுத்தவில்லை, நீங்கள் எச்சரித்ததால்தான். அம்மா இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

குளிர்காயில் அண்ணே, நீங்கள் வசதிப்படும் ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். ஆறு பாட்டில் உங்கள் பெயரில் எடுத்து வைத்திருக்கிறேன்.

குளிர்காயில்:

வருகிறேன் தம்பி. அதுவரை அந்த 12 வோல்ட் ஃபேனின் சத்தத்தை ராத்திரியில் ஒரு தடவை காது கொடுத்துக் கேளுங்கள். குளிரிலும் ஈரத்திலும் அதன் பேரிங் சீக்கிரம் போகும். உறுமல் வந்தால் அடுத்த தொகுதிக்கு முன் மாற்றிவிடுங்கள், எட்டு வெள்ளிக்கு மேல் ஆகாது.